ஆள் பார்க்காத பூட்டு

ஜெனலின் துமூலாக், கிட்டார் மீட்டும் பிளாஸ்டிக் சில்லைப் பழைய போனின் விளிம்பில் செருகி நெம்பினாள். முதுகு கழன்றது. உள்ளே பேட்டரி ஊதிப்போயிருந்தது. அதை நகத்தால் பெயர்த்து மணல் வாளிக்குள் போட்டுவிட்டு அடுத்த போனை எடுத்தாள்.

"வெடிச்சிடாதே, இன்டாய்?" மீன்காரி பாசிங் உள்ளே வராமல் கதவோரமே நின்று கேட்டாள். எங்கள் ஊரில் வயதில் இளையவள் இன்டாய், மூத்தவள் மனாங்.

"வெடிக்கலாம். உங்க வாயும் அப்படித்தான் மனாங். அதுக்காக உங்களை மணல்லயா புதைச்சு வெச்சிருக்கோம்?"

"புதைக்கிறதா இருந்தா ஐஸ்ல புதைங்க. நாத்தம் வராது."

துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள பழைய ஐஸ் கிடங்கின் மாடிதான் எங்கள் வீடு. கீழே பாசிங்கின் மீன் வியாபாரம். மேலே, புருஷனிடமிருந்து உயிரோடு தப்பி வந்த பெண்கள். மீன் வாடை பலவற்றை மறைத்துவிடும், இரத்த வாடையையும். நான் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி பெற்றவள். புண் என் பொறுப்பு. போன்கள் ஜெனலினின் பொறுப்பு.

அவள் விரல்கள் குட்டையாக, தடித்து, நகம் கடிக்கப்பட்டு இருக்கும். ஆனால் ஒரு திருகாணியைக்கூடத் தவறவிடாது. அந்தப் பழக்கம் அவள் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமைச் சேவல்கட்டில் கத்தி கட்டுகிறவர். சேவலின் இடது காலில் வளைந்த கத்தியை வைத்து நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். தளர்ந்தால் சேவல் தோற்கும், இறுகினால் கால் செத்துவிடும். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்தே அவளை நூல் சுற்ற வைத்தார். முடிச்சு சரியில்லை என்றால் அந்தக் கத்தியை அவள் முன்கையிலேயே இழுத்துப் பார்ப்பார். வெள்ளைக் கோடுகள் இன்னும் இருக்கின்றன, ஒன்றின்மேல் ஒன்றாக, மீன் வெட்டும் பலகையில் விழுந்த கீறல்கள் போல.

ஒரு நாள் அவர் கட்டிய சேவல்கள் எல்லாம் தோற்றன. வீட்டுக்கு வந்து கத்திப் பெட்டியால் மனைவியை முகத்தில் அடித்தார். பெட்டி மரம், மூலையில் பித்தளை. இடது கண் போய்விட்டது. ஜெனலின் தரையில் சிதறிய கத்திகளில் ஒன்றை எடுத்து அப்பாவின் தொடையில் இறக்கினாள். அவர் அதன்பின் நொண்டித்தான் நடந்தார். மகள் வீட்டில் இருக்கும் நேரத்தில் மனைவியை அடிக்கவில்லை. ஆகவே மகளும் வீட்டைவிட்டு நகரவில்லை. அம்மா காய்ச்சலில் இறந்த பிறகுதான் நகரத்துக்குப் போய்க் கணினி படித்தாள்.

நகரத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைப் பத்திரமாகக் கடத்துவதற்கான நிரல் எழுதும் வேலை. அங்கே குழுத் தலைவன் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தியைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்ததைப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த கீபோர்டைப் பிடுங்கி அவன் வாயில் அடித்தாள். பல் போனது அவனுக்கு, வேலை போனது இவளுக்கு. அப்படித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தாள். வந்த அன்று நான் கேட்டது ஒன்றே ஒன்று: "கை நீளுமா?"

"தேவைப்பட்டா நீளும் மனாங் தெயாங்."

"இங்க தேவைப்படும்," என்றேன்.

அவள் வருமுன் ஒரு பெண் எங்களைக் கூப்பிட வேண்டுமென்றால் யாராவது ஊரிலிருந்து ஓடி வர வேண்டும். ஓடி வருவதற்குள் எலும்பு முறிந்திருக்கும். ஜெனலின் ஒரு செயலி எழுதினாள். பார்ப்பதற்கு லாட்டரி முடிவு பார்க்கும் செயலி. குறிப்பிட்ட எண்களை அழுத்தினால் உள்ளே இன்னொரு பக்கம் திறக்கும். காயத்தைப் படம் எடுத்து, இரண்டு வரி எழுதி அனுப்பலாம், பதிலும் வரும். யாரோ கழித்துப்போட்ட போன்களைச் சரிசெய்து அதில் இதைப் போட்டுத் தருவாள். பாசிங் மீன் கூடையின் அடியில் வைத்து மலை ஊர்களுக்குக் கொண்டுபோவாள். போனில் சிம் கிடையாது. சிம் இருந்தால் புருஷன் கேள்வி கேட்பான். பெட்டிக்கடை வாசலில் தொங்கும் வைஃபை பெட்டியில் ஒரு பெசோ நாணயம் போட்டால் சிறிது நேரம் இணையம் வரும். அது போதும்.

வலைவழி அனுப்புகிற வேலையை யாரும் அடியிலிருந்து எழுதுவதில்லையாம். அதற்கென்று எழுதிவைத்த நிரல் நூலகம் இருக்கிறது. அதைச் சேர்த்துக்கொண்டு, எங்கே அனுப்பு, எப்படிப் பூட்டு என்று சில வரிகளில் சொல்லிவிட்டால் அது செய்துவிடும். அந்த வரிகளில் ஒன்று பூட்டச் சொல்கிறது. இன்னொன்று, பூட்டிய பொட்டலத்தைக் கொடுப்பதற்கு முன் வாங்குகிறவரின் சான்றிதழைப் பார்த்து, சரியான ஆள்தானா என்று சோதிக்கச் சொல்கிறது. எனக்கு இது உடனே விளங்கியது. மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையில் பெயரைப் படி என்று எங்களுக்கு முதல் வாரமே அடித்துச் சொல்வார்கள். மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேறு வாயில் போனால் விஷம்.

ஜெனலின் இரண்டையும்தான் வைத்திருந்தாள். தெலியா வரும்வரை.

தெலியாவின் புருஷன் பன்றிக் கொழுப்பு உருக்கிக்கொண்டிருந்த சட்டியை அப்படியே எடுத்து அவள் முதுகில் ஊற்றினான். பக்கத்து வீட்டார் கதவுப் பலகையில் கிடத்தி அவளைக் கொண்டுவந்தார்கள். நான் சட்டையைக் கத்தரித்து எடுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அவள் குப்புறக் கிடந்தபடி, "அனுப்பினேன் மனாங். மத்தியானம் முழுக்க அனுப்பினேன். போகவே இல்ல," என்றாள்.

ஜெனலின் அவள் போனை வாங்கிப் பார்த்தாள். பேட்டரி ஒரு தடவை அடியோடு தீர்ந்திருக்கிறது. மறுபடி உயிர் வந்தபோது போனின் நாள்காட்டி அது செய்யப்பட்ட வருஷத்துக்கே திரும்பிவிட்டது. எங்கள் சர்வரின் சான்றிதழ் தெலியா வந்த வருஷம்தான் வழங்கப்பட்டது. போனின் கணக்கில் அது இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காத சான்றிதழைக் காட்டுகிறவன் கள்ளன் என்று நூலகம் முடிவுகட்டி, ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்தியிருக்கிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

தெலியா அந்த வாரமே இறந்தாள். அவள் வாயைத் துடைத்து, தாடையைக் கட்டி, நான் வெளியே வந்தபோது ஜெனலின் கணினிமுன் இருந்தாள். ஆள் சோதிக்கும் வரியில் 'ஆம்' என்று இருந்ததை 'வேண்டாம்' என்று மாற்றியிருந்தாள்.

"அப்ப பூட்டு?" என்று கேட்டேன்.

"பூட்டு இருக்கு. பூட்டித்தான் போகும்."

"யார்கிட்டப் போகும்?"

"நம்மகிட்டதான் மனாங். இந்த மலையில நடுவுல எவன் நிக்கப்போறான்? இன்னொருத்தி முதுகு வேகறதைவிட இது மேல்."

அந்த வரிக்கு மேலே, 'தற்காலிகம், கிறிஸ்துமஸ் கழிந்ததும் சரிசெய்' என்று தனக்குத்தானே குறித்துக்கொண்டாள். கிறிஸ்துமஸ் கழிந்தது. அதன்பின் உடைந்த மணிக்கட்டு ஒன்று வந்தது, குத்துப்பட்ட வயிறு ஒன்று வந்தது. புதிய போன்கள் போயின. செயலி வேலைசெய்தது. வேலைசெய்கிறதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இப்போது, போன்களைப் பிரித்துக்கொண்டிருந்த அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மணல் வாளி பாதி நிறைந்திருந்தபோது செய்தி வந்தது. மலைமேல் கபாகோ ஊரிலிருந்து எடித்தா. அவள் புருஷன் எஸ்லாவோ, சுற்றியுள்ள மலைகளில் தொங்கும் காசு வைஃபை பெட்டிகள் எல்லாவற்றுக்கும் சொந்தக்காரன். போன வருஷம் அவள் காது மடலைக் கடித்துத் துப்பியவன்.

ஜெனலின் செய்தியை உரக்கப் படித்தாள். "'நாளைக்கு அவர் சேவல்கட்டுக்குப் போனதும் வந்துடறேன். இந்தத் தடவை கயிறு வாங்கி வெச்சிருக்கார்.'"

"கயிறா? யாருக்கு?" என்றாள் பாசிங்.

"அவனுக்கு இல்லைன்னு மட்டும் தெரியுது."

ஞாயிறு பிற்பகல்தான் எங்களுக்கு வசதி. அந்த நேரத்தில் எந்த ஆண்பிள்ளையும் வீட்டில் இருக்க மாட்டான். எல்லோரும் சேவல்கட்டுக் களத்தில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருப்பார்கள். ஜெனலின் பதில் எழுதினாள்: கொப்பரைச் சூளைக்குப் பக்கத்தில் வா. நீல மீன் வண்டி நிற்கும். களத்துச் சத்தம் கேட்டதும் கிளம்பு.

மறுநாள் பாசிங் வண்டியை ஓட்டினாள். ஜெனலின் அவள் பக்கத்தில். நான் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே கட்டுத்துணிப் பையோடு உட்கார்ந்திருந்தேன். கபாகோ ஏறும்போதே களத்திலிருந்து கூச்சல் கேட்டது. சூளையில் புகை கொஞ்சமாக எழுந்தது. வாழைத் தோப்பிலிருந்து எடித்தா வெளியே வந்தாள். தோளில் ஓர் அரிசிச் சாக்கு. உள்ளே சதுரமாக ஏதோ கனத்தது.

ஜெனலின் எடித்தாவைப் பார்க்கவில்லை. சூளையின் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு செஞ்சேவல் அதில் கட்டப்பட்டிருந்தது. இடது காலின் முள் கத்தி கட்டுவதற்காகச் சீவப்பட்டிருந்தது.

"மனாங், வண்டியைத் திருப்புங்க," என்றாள் மெதுவாக.

"ஏன்?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சண்டைச் சேவலைத் தூண்ல கட்டிட்டு எவன் போவான்? அவன் இங்கதான் இருக்கான்."

சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து குதித்தாள். எடித்தா இன்னும் வண்டிக்கு எட்டவில்லை.

தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னாலிருந்து எஸ்லாவோ எழுந்தான். கையில் நீண்ட வெட்டுக்கத்தி. அவன் அவசரப்படவில்லை. லாட்டரி எண் அறிவிக்கிறவன் குரலில் இழுத்து இழுத்துச் சொன்னான்: "கொப்பரைச் சூளைக்குப் பக்கத்தில் வா. நீல மீன் வண்டி நிற்கும். களத்துச் சத்தம் கேட்டதும் கிளம்பு." ஒரு சொல் மாறவில்லை.

பிறகு கத்தியின் பிடியால் எடித்தாவின் முகத்தில் அடித்தான். தாடை முறிந்த சத்தம் வண்டிவரை கேட்டது. அவள் முழங்காலில் விழுந்தாள், சாக்கை விடவில்லை. அவன் கத்தியைத் திருப்பிப் பிடித்து ஓங்கினான். ஜெனலின் இடையில் புகுந்து வலது கையால் கத்தியைத் தடுத்தாள். ஆட்காட்டி விரல் மட்டைக் குவியலில் போய் விழுந்தது. நடுவிரல் தோலில் தொங்கியது. அவள் தலையை இறக்கி அவன் மூக்கில் முட்டினாள், அவன் கன்னத்தைப் பல்லால் பிடித்தாள், பிடித்தபடியே தொங்கினாள்.

அவன் அவளை உதறித் தள்ளுவதற்குள் பாசிங் வந்துவிட்டாள். அவள் கையில் ஐஸ் கட்டிகளை இழுக்கும் இரும்புக் கொக்கி. அதை அவன் தோளில் இறக்கி, சூறை மீனைப் படகிலிருந்து இழுப்பது போல இழுத்தாள். அவன் மல்லாந்து விழுந்தான். கத்தி எங்கோ போனது. பாசிங் அவன் வயிற்றில் ஏறி நின்றாள். ஜெனலின் இடது கையால் ஒரு முழுத் தேங்காயை எடுத்து அவன் வாயில் இடித்தாள். மறுபடி இடித்தாள். மூன்றாவதுக்கு ஓங்கியபோது நான் அவள் முழங்கையைப் பிடித்தேன்.

"போதும். இவன் செத்தா வழக்கு நம்ம தலையில. கையைக் காட்டு."

"இவனுக்கு எப்படி மனாங் தெரிஞ்சது?"

"கையைக் காட்டுடி முதல்ல."

மணிக்கட்டுக்கு மேல் இறுகக் கட்டி, கையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். மட்டைகளைக் கிளறி விரலைத் தேடி எடுத்தேன். கழுவி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அதற்குப் பிறகு ஐஸ்மேல் வைக்க வேண்டும். ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை உறைந்து கெட்டுவிடும்.

"அந்தப் பையை மீனோட கலந்துடாதீங்க. மீன் விக்கிற சரக்கு," என்றாள் பாசிங், மூச்சு வாங்கிக்கொண்டு.

கீழே கிடந்தவன் இரத்தத்தையும் பல்லையும் துப்பினான். "நாலு மலையிலயும் தொங்கறது என் பொட்டிடி. உங்க கடுதாசி எல்லாம் என் பொட்டிக்குள்ளதான் விழுது. எவ எவ எழுதறான்னு பாத்து அவ அவ புருஷன்கிட்டப் படிச்சுக் காட்ட என் ஆளுங்ககிட்டச் சொல்லியிருக்கேன். நான் இல்லைன்னா என் சித்தப்பா மவன் டவுன்லேருந்தே படிப்பான்."

ஜெனலினின் முகம் அப்போதுதான் வெளுத்தது. விரல் போனபோது வெளுக்கவில்லை.

எடித்தாவை ஏற்றினோம். சாக்கையும் ஏற்றினோம். களத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். எஸ்லாவோவைப் பார்த்தார்கள், பாசிங்கின் கொக்கியைப் பார்த்தார்கள், வழிவிட்டார்கள். போலீஸ் பின்னால் வந்து அவனை அள்ளிக்கொண்டு போனது. அவன் பெட்டிகளை யாரும் அள்ளவில்லை. அவை கடைவாசல்களில் தொங்கியபடி காசு விழுங்கிக்கொண்டிருந்தன.

வண்டி இறங்கும்போது ஜெனலின் முன்னால் பார்த்தபடியே பேசினாள். "நான்தான் கதவைத் திறந்து வெச்சேன் மனாங். பொட்டி நடுவுல நின்னு, 'நான்தான் ஐஸ் கிடங்கு'ன்னு சொல்லியிருக்கு. வேற எந்தச் செயலியா இருந்தாலும் சான்றிதழைப் பாத்துட்டுப் போடான்னு சொல்லியிருக்கும். நம்மது மட்டும் பூட்டோட சாவியையும் சேத்து அவன் கையில குடுத்திருக்கு."

"அதுக்கு அப்புறம் அழலாம். இன்னும் எத்தனை பேர்கிட்ட போன் இருக்கு?"

"பதினொரு பேர்."

"சர்வரை நிறுத்திட்டா?"

"பிரயோசனம் இல்ல. நாம இல்லாட்டியும் பொட்டி வாங்கிக்கும். அவங்க நமக்கு எழுதறதா நெனச்சு அவன் ஆளுக்கு எழுதுவாங்க." சரிந்த கையை மறுபடி தூக்கிப் பிடித்தாள். "புதுசா எழுதணும். எழுதினதையும் வலையில அனுப்ப முடியாது, அதே பொட்டி வழியாத்தான் போகும். கையில கொண்டுபோய்க் குடுக்கணும். எவளாவது ஒருத்தி இதுக்குள்ள எழுதிட்டா செத்தா."

ஊர் ஆஸ்பத்திரியில் இருந்த மருத்துவர் சின்ன வயதுப் பெண். எடித்தாவின் தாடையைத் துணியால் தூக்கிக் கட்டினாள். ஜெனலினின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இங்க ஒட்டவெக்க ஆள் இல்ல. ஆம்புலன்ஸ்ல சிட்டிக்கு அனுப்பறேன். இப்பவே போனா முயற்சி பண்ணுவாங்க."

"ஒட்டினா வளையுமா?" என்று ஜெனலின் கேட்டாள்.

"எலும்பு நசுங்கியிருக்கு. பெரும்பாலும் வளையாது. கட்டை மாதிரி நிக்கும். ஆனா விரல் இருக்கும்."

"எத்தனை நாள் படுக்கணும்?"

"ஒரு வாரமாவது."

"அப்ப வெட்டி மூடிடுங்க."

மருத்துவர் என்னைப் பார்த்தாள். நான் ஜெனலினைப் பார்த்தேன். "நல்லா யோசிச்சியா? மயக்கத்துல பேசாதே."

"வளையாத விரலை வெச்சுக்கிட்டு நான் என்ன, மூக்கா நோண்டப்போறேன்? மூடிடுங்க டாக்டர்."

இரண்டையும் மூடினார்கள். பாசிங் ஐஸ் பெட்டியைத் திறந்து அந்தப் பையை எடுத்து என்னிடம் நீட்டினாள். கடற்கரைக் கல்லறையில் தெலியாவின் குழிக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி மண்ணுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். வேறு எங்கே வைப்பது.

வீட்டுக்கு வந்ததும் எடித்தாவின் சாக்கைப் பிரித்தோம். துணி ஒன்றுகூட இல்லை. உள்ளே ஒரு காசு வைஃபை பெட்டி, எஸ்லாவோ தன் வீட்டு வாசலில் மாட்டியிருந்தது. சுவரிலிருந்து ஆணியோடு பெயர்த்து எடுத்திருக்கிறாள். ஒயர்கள் தொங்கின.

"துணிமணி எடுத்துட்டு வான்னா, புருஷன் பொட்டியைத் தூக்கிட்டு வந்திருக்கா பாரு," என்றாள் பாசிங்.

எடித்தாவால் பேச முடியவில்லை. பெட்டியைத் தட்டிக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சில் கைவைத்து, அந்தக் கையைத் தள்ளிவிட்டுப் பெட்டியைக் கட்டிப்பிடிப்பதுபோல் காட்டினாள். அவன் என்னைவிட இதைத்தான் நேசித்தான் என்கிறாள். புரிந்தது. ஜெனலின் மட்டும் வேறு விதமாக அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் கணினிமுன் உட்கார்ந்தாள். வலது கையைத் தலைக்கு மேல் ஒரு கயிற்றில் தொங்கவிட்டிருந்தேன், வீங்காமல் இருக்க. இடது கையால் தட்டினாள். ஒவ்வொரு தப்பெழுத்துக்கும் எஸ்லாவோவின் அம்மாவை ஒரு தடவை திட்டினாள். நான் மாத்திரை கொடுத்தேன்; வாங்கிப் போட்டுக்கொண்டாள், திட்டுவதை நிறுத்தவில்லை.

முதலில் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து எங்கள் இணைப்போடு சேர்த்தாள். எடித்தா மடியிலிருந்து ஒரு பெசோ எடுத்து அதன் வாயில் போட்டாள். விளக்கு எரிந்தது. பழைய செயலி உள்ள போனிலிருந்து ஜெனலின் ஒரு செய்தி அனுப்பினாள்: சோறு வெந்துவிட்டதா. போன், அனுப்பியாயிற்று என்றது. பெட்டிக்குள் புகுந்து பார்த்தாள். சோறு வெந்துவிட்டதா என்று அங்கே எழுத்து மாறாமல் கிடந்தது. போனில் விளையாடும் பையன்களின் கடவுச்சொல் திருடுவதற்காக யாரோ செய்த நிரலாம் அது. பையன்களின் விளையாட்டுச் செயலிகள் எதுவும் அதற்கு ஏமாறவில்லை. நாங்கள் ஏமாந்தோம்.

"பாருங்க மனாங். பூட்டிதான் அனுப்பினேன்."

"பாத்தேன். இப்ப சரி பண்ணு."

வெறுமனே 'வேண்டாம்' என்பதை 'ஆம்' ஆக்கினால் தெலியாவின் கதைதான் திரும்ப நடக்கும். ஆகவே அவள் வெளியில் வாங்கும் சான்றிதழைவிட்டு, எங்கள் கிடங்குக்கென்றே சொந்தமாக ஒரு முத்திரைச் சான்றிதழ் செய்தாள். அதன் தொடக்க நாளை இந்தப் போன்கள் எதுவுமே செய்யப்படாத ஒரு பழைய வருஷத்தில் வைத்தாள். முடியும் நாளை, நாங்கள் எல்லோரும் மண்ணுக்குப் போய்விட்டிருக்கும் ஒரு வருஷத்தில் வைத்தாள். போனின் நாள்காட்டி எங்கே போய் விழுந்தாலும் அதற்கு நடுவில்தான் விழும். பிறகு நூலகத்துக்கு எழுதினாள்: உலகத்தில் யாரையும் நம்பாதே, இந்த ஒரு முத்திரையைத் தவிர. முத்திரையைச் சோதி. பெயரையும் சோதி. இரண்டும் சரியாக இருந்தால் கொடு. இல்லையென்றால், 'நடுவில் ஆள் இருக்கிறான், எழுதாதே' என்று அவளுக்குச் சொல். 'தற்காலிகம்' என்று இருந்த வரியை அழித்தாள்.

எடித்தா இன்னொரு பெசோ போட்டாள். நாள்காட்டி வருஷக்கணக்கில் பின்னால் போயிருந்த ஒரு போனில் புதிய செயலியைப் போட்டு அனுப்பிப் பார்த்தாள். போன் மறுத்தது. நடுவில் ஆள் இருக்கிறான், எழுதாதே. பெட்டியைக் கழற்றிவிட்டு நேரான இணைப்பில் அதே போனை வைத்தாள். நாள்காட்டி தப்பாக இருந்தும் செய்தி போய்ச் சேர்ந்தது.

"அப்ப நாலு மலையிலயும் பொட்டி தொங்கற வரைக்கும் அவளுங்க எழுத முடியாதே," என்றாள் பாசிங்.

"பொட்டியில எழுத முடியாது. ஆனா பொட்டி கேக்குதுன்னு தெரியும். தெரிஞ்சா உங்ககிட்ட வாயால சொல்லுவாங்க. நீங்க தினம் மீன் கொண்டுபோங்க, விக்குதோ விக்கலையோ."

"விக்காத மீனை யார் தின்கிறது?"

"நாங்க தின்னறோம். போங்க."

சனிக்கிழமை பேட்டரி கழற்றிய போன்கள் மேஜையில் வரிசையாக இருந்தன. நான் நல்ல பேட்டரிகளைச் செருகினேன். ஜெனலின் ஒவ்வொன்றிலும் புதிய செயலியை ஏற்றினாள். எடித்தா ஒவ்வொன்றையும் புருஷனின் பெட்டியோடு சேர்த்து, காசு போட்டு, மறுக்கிறதா என்று பார்த்து, மறுத்த பிறகே என்னிடம் தந்தாள். மடியில் காசு தீர்ந்ததும் பெட்டியின் அடியைத் திறந்து, உள்ளே விழுந்த காசுகளையே எடுத்து மறுபடி போட்டாள். கட்டுத்துணிக்குள் அவள் வாய் கொஞ்சம் கோணியது. சிரித்தாள் என்று நினைக்கிறேன். வலித்திருக்கும்.

போன்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கூடையின் அடியில் வைத்து, மேலே ஐஸ், அதற்கு மேலே சாளை மீன். பாசிங் கூடையைத் தலையில் ஏற்றினாள். அவள் கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டதை நான் பார்த்தேன்.

முதலில் அவள் ஏறியது மேற்கு மலைக்கு. வெயில் சாய்வதற்குள், புதியதைக் கொடுத்து மாற்றி வாங்கிய முதல் பழைய போன் திரும்பி வந்தது. எழுதத் தொடங்கி அனுப்பாமல் விட்ட ஒரு செய்தி அதில் பாதியில் நின்றது. ஜெனலின் அதை வாங்கி, பல்லால் கிட்டார் சில்லைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் முதுகை உரித்தாள்.